முறித்த எண்ணெய்

கெர்பாவ் ரோட்டில் இராசேஸ்வரி டீச்சரின் மூக்கைத் தெரியாதவர் கிடையாது. பெரிய மூக்கு ஒன்றுமில்லை, சின்ன மூக்குத்தான். ஆனால் அதைச் சுளிக்க அவள் எடுத்துக்கொண்ட உரிமை பெரிது. பால்காரன் வந்தால் ஒரு சுளிப்பு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் ஒரு சுளிப்பு. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க மாட்டுக் கொட்டகையாக இருந்தது. மாடுகள் போகும்போது புத்தியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டன என்பது தெரு சனத்தைப் பற்றி அவள் கண்ட முடிவு.

அவள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். குமாஸ்தா மகளுக்குக் கவர்னர் மகள் என்று நினைப்பு. அந்த நினைப்புக்குத் தோதாகப் படிப்பும் வந்து சேர்ந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். பிறகு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவருக்குக் கையாள். கலியாணம் பேசி வந்தவர்களில் ஒருவன் தேத்தண்ணியை உறிஞ்சிக் குடித்தான் என்பதற்காகவும், இன்னொருவன் தராசுக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்பதற்காகவும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாற்பது வயதில் அவளுக்கென்று மிஞ்சியது விதவையாகிப் போன தங்கை மனோரஞ்சிதமும், தங்கையின் ஆறு வயது மகளும்தான். அந்தப் பிள்ளையை எல்லாரும் குஞ்சு என்று கூப்பிட்டார்கள். டீச்சரின் மூக்கு சுளிக்காத ஒரே முகம் குஞ்சுவுடையது.

ஜப்பான்காரன் வந்தான். ஊருக்குச் சயோனான் என்று பேர் வைத்தான், கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினான், பேராசிரியரைச் சாங்கிச் சிறைக்கு அனுப்பினான். நேற்றுவரை வெள்ளைக்காரனுக்குக் குடை பிடித்த பெரிய மனிதர்களெல்லாம் அரிசி மூட்டைக்கு ஆசைப்பட்டு இடுப்பொடியக் கும்பிடு போட்டார்கள். டீச்சரும் முச்சந்தியில் நிற்கும் சிப்பாய்க்குத் தலை குனிந்தாள். குனியும்போதே மனதுக்குள் அவன் பரம்பரையைத் திட்டித் தீர்த்ததால், தன் கும்பிடு மற்றவர்கள் கும்பிடைப் போன்றதல்ல என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள். சிப்பாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பாட்டு சொல்லிக் கொடுக்கச் சொன்னபோது அவள் போகவில்லை. உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஆள் தேவை என்றார்கள், அங்கே போனாள். அதன் மேலாளர் ஒரு ஜப்பானியர். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடிக்காரர் என்றே எல்லாரும் சொன்னார்கள். அவருடைய ஊரில் சோயா சாஸ் கம்பெனியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவராம். பட்டாளத்தோடு வந்ததால் இங்கே அறிவியல் மேதையாகிவிட்டார். ஊர் பிடித்தவன் வீட்டுப் பூனைக்கும் ஒரு பதவி கிடைக்கும் காலம் அது.

வயிற்றுப்பாடு பெரும்பாடாக இருந்தது. சுண்ணாம்பு கலந்த ரேஷன் அரிசி, அதுவும் இல்லாத நாளில் மரவள்ளிக் கிழங்கு. தெம்பனிஸ் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த கீரையெல்லாம் பட்டாளத்து லாரிகளில் ஏறிப் போயிற்று. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கண்ணில் படாத பொருளாகி, ஊரே செம்பனை எண்ணெய்க்கு மாறியிருந்தது. போருக்கு முன் அதைச் சோப்புக்கும் இயந்திரத்துக்கும்தான் வாங்குவார்கள். முதல் நாள் அதில் தாளித்த குழம்பை வாயில் வைத்ததும் டீச்சர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"இந்தக் கப்பல் எண்ணெய் நாத்தம் என்ர கோப்பையில வரக்கூடாது. என்ன செய்வியோ எனக்குத் தெரியாது" என்று தங்கையிடம் சொன்னாள்.

மனோரஞ்சிதம் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாளிலிருந்து குழம்பில் நாற்றம் இல்லை. டீச்சர் ஏன் என்று கேட்கவும் இல்லை. அடுப்படி என்பது தன் தகுதிக்குக் கீழே என்று ஒதுக்கி வைத்தவள் அவள்.

ஒரு மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், குஞ்சு கூடத்திலிருந்த நாற்காலியில் மோதி விழுந்தாள். மறுநாள் அதே நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, ஏன் விளக்கு ஏத்தேல்லை?" என்று கேட்டாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

டீச்சருக்கு உடனே புரிந்தது. மாலைக்கண். அது என்ன, எதனால் வருகிறது, விட்டால் கறுவிழியே கரைந்து பார்வை முழுதும் போய்விடும் என்பதெல்லாம் அவள் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவை. கீரையிலும் காரட்டிலும் இருக்கிற மஞ்சள் சிவப்பு நிறச் சத்து உடம்புக்குப் போகாவிட்டால் கண் இருட்டும். கரோட்டின் என்பது அதன் பெயர். அந்தச் சத்து கொட்டிக் கிடப்பது செம்பனை எண்ணெயில்தான். அந்த எண்ணெயின் சிவப்பே அதுதான்.

அடுத்த வீட்டில் மைமூன் இருந்தாள். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்ப்பவள், கலகலப்பானவள். அதனாலேயே டீச்சர் அவளிடம் அதிகம் பேசுவதில்லை. இப்போது பேச வேண்டியிருந்தது.

"வார்டுல இந்த மாதிரி நிறையப் பிள்ளைங்க வருது டீச்சர்" என்றாள் மைமூன். "டாக்டர் சிவப்பு எண்ணெய் குடுங்கன்னுதான் சொல்றாரு. எல்லார் வீட்டுலயும் தினம் அதுலதானே ஆக்குறாங்க. ஆனாலும் கண்ணு தெளியல."

"எல்லாரும் எண்ணெய் எங்க வாங்கினம்?"

"வேற எங்க, பஃபலோ ரோட்டு சேதுபதி கடைதான்."

டீச்சர் முடிவுக்கு வர அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. எண்ணெய் சாப்பிடுகிறார்கள், கண் போகிறது. அப்படியானால் எண்ணெய் பொய். எண்ணெய் பொய்யென்றால் விற்கிறவன் திருடன். சேதுபதியை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இராமநாதபுரத்துக்காரன். பிழிந்தால் ஒரு படி எண்ணெய் வரும்படியான வேட்டி, வெற்றிலைக் காவி ஏறிய பல், வருகிற போகிற பெண்களையெல்லாம் "தாயி, தாயி" என்கிற வாய். திருடனுக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அவன் கடைக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த வாடையிலும் நெரிசலிலும் போய் நிற்பதா!

அதனால் அவள் கடைக்குப் போகவில்லை. வார்டிலிருந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எண்ணெய் வாங்கி வரும்படி மைமூனிடம் சொன்னாள். தன் வீட்டு அடுப்படியிலிருந்தும் தங்கையை ஒரு குப்பியில் ஊற்றித் தரச் சொன்னாள். எல்லாக் குப்பிகளையும் ஆய்வுக்கூட மேசையில் வைத்துப் பார்த்தபோது அவள் உதடு கோணியது. சிவப்பு எண்ணெய் என்று பெயர். குப்பிகளில் இருந்ததோ வெளிறிப் போன மஞ்சள்.

"கள்ளன்" என்றாள், யாருமில்லாத அறையில்.

கண்ணால் பார்த்தது அவளுக்குப் போதாது. சோதிக்க வேண்டும். அதற்கான வித்தை அவள் கையில் இருந்தது. பேராசிரியரிடம் வருடக் கணக்கில் அவள் செய்த வேலையே அதுதான். குரோமட்டோகிராஃபி என்று வாய் நிறைந்த பெயர். செய்முறை அவ்வளவு பயங்கரமில்லை. நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் பஞ்சு அடைத்து, அதன் மேல் நன்றாக உலர்த்திச் சலித்த சுண்ணாம்புத் தூளைக் கெட்டியாக நிரப்ப வேண்டும். எண்ணெயை வடித்த பெட்ரோலில் கரைத்து மேலே ஊற்ற வேண்டும். பிறகு வெறும் பெட்ரோலைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்ணெய் பார்க்க ஒன்றாக இருந்தாலும் அதற்குள் பல சரக்கு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்போடு ஒரு ஒட்டு, பெட்ரோலோடு ஒரு உறவு. சுண்ணாம்பை விடாமல் பிடித்துக்கொள்வது மேலேயே நின்றுவிடும். பெட்ரோலோடு ஓடுகிறதுக்குச் சுண்ணாம்பைப் பற்றிக் கவலையில்லை, கீழே வந்து சேர்ந்துவிடும். இரண்டு மனதாக இருப்பது கொஞ்சம் ஒட்டி, கொஞ்சம் விட்டு, நடுவழியில் மெல்ல இறங்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் ஒன்றாகப் புறப்படுகிற கூட்டம் மாதிரித்தான். வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று மோர் குடிக்கிறவன் பின்தங்குவான், எதிலும் நிற்காதவன் டேங்க் ரோட்டுக் கோயிலுக்கு முதலில் போவான். வெள்ளைச் சுண்ணாம்பில் ஒவ்வொரு நிறமும் தன் தன் இடத்தில் வளையமாக நிற்கும். கரோட்டின் இருந்தால் ஆரஞ்சு வளையம் ஒன்று இறங்கி வரும். யாராலும் மறைக்க முடியாது.

ஆரஞ்சு வளையம் வரவில்லை. ஒவ்வொரு குப்பியையும் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றிலும் வரவில்லை. வந்தது என்னவென்றால், குழாயின் உச்சியில் அழுக்குப் பழுப்பாக ஒரு கறை. அது சுண்ணாம்பை விட்டு அசைய மறுத்தது. ஏதோ கழிவெண்ணெய் என்று அவள் தீர்மானித்தாள். பட்டாளத்து லாரிக்கடியில் வழிந்ததை வாங்கி, மலிவான எண்ணெயில் கலந்து விற்கிறான். தன் குஞ்சுவின் கண்ணை அந்த வெற்றிலைப் பல்லன் தின்கிறான்!

ஆத்திரத்தோடு அறிக்கை எழுதிக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தாள். அவர் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு அது புரிந்ததா என்பது சந்தேகம். புரிந்தது போல் நிற்கத் தெரிந்தது, அதற்குத்தானே சம்பளம். அறிக்கையின் அடியில் தன் முத்திரையைக் குத்தி மேலே அனுப்பினார்.

அடுத்த நாள் கெம்பித்தாய் என்ற அந்த ராணுவப் போலீஸ் வந்தது. சேதுபதியை வேட்டியோடு தூக்கி லாரியில் எறிந்தார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். எண்ணெய்ப் பீப்பாயைத் தடயமென்று ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் கொண்டுவந்து போட்டார்கள். தெரு கப்சிப். வாய் கிழியப் பேசுகிறவர்களெல்லாம் சன்னலைச் சாத்திக்கொண்டு, சாத்திய சன்னலுக்குப் பின்னால் நின்று பேசினார்கள். கெம்பித்தாயிடம் போனவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பல பேர் திரும்புவதே இல்லை.

சேதுபதியின் மனைவி முத்தாயி தினமும் தூக்குச்சட்டியில் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு கெம்பித்தாய்க் கட்டடத்தின் வாசலுக்குப் போனாள். சிப்பாய்கள் சட்டியை உதைத்துக் கவிழ்த்தார்கள். அவள் மறுநாளும் போனாள். ஒரு நாள் டீச்சரை வழியில் மறித்தாள்.

"டீச்சரம்மா, நீங்க ஜப்பான்காரங்ககிட்ட வேலை பாக்குறீங்களாமே. எங்க வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவரு ஒரு தப்பும் பண்ணல தாயி."

"பிள்ளையளின்ர கண்ணைப் பறிச்சவனுக்கு என்ன வார்த்தை சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு டீச்சர் நடந்தாள். முத்தாயியின் சேலையிலும் எண்ணெய் வாடை அடித்தது. மூக்கு தன் வேலையைச் செய்தது.

திருடனைப் பிடித்துக் கொடுத்தாயிற்று. குஞ்சுவின் கண்ணில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. எப்படி வரும்? கடையை மூடியதும் தெருவில் யாருக்கும் எண்ணெயே இல்லை. இப்போது பிள்ளையின் வெள்ளை விழியில் நுரை காய்ந்த மாதிரி ஒரு புள்ளி தோன்றியிருந்தது. அடுத்தது கறுவிழி என்று டீச்சருக்குத் தெரியும். பிள்ளை பொழுது சாயும் முன்பே மூலையில் உட்கார்ந்து அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டது. அழுவதுகூட இல்லை. டீச்சர்தான் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில் கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. பின்கட்டில் கிடக்கிற பீப்பாய் வீணாகிறதே, அதைச் சோப்பாகக் காய்ச்சினால் அதிகாரிகளுக்குக் கொடுக்கலாமே என்று. அறிவியல் மேதையின் மூளை அப்படித்தான் ஓடும். டீச்சரை அழைத்து, பீப்பாயைத் திறந்து எண்ணெயை அளந்து வைக்கச் சொன்னார்.

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவள் மூடியை நெம்பினாள். உள்ளே பார்த்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது.

எண்ணெய் சிவப்பாக இருந்தது. பழுத்த மிளகாயைக் கரைத்தது போல் கெட்டியான சிவப்பு.

உள்ளே ஓடினாள். குழாயில் புதுச் சுண்ணாம்பு அடைத்தாள், ஒரு சொட்டை வடித்த பெட்ரோலில் கரைத்து ஊற்றினாள். பெட்ரோல் விட விட, ஆரஞ்சு வளையம் ஒன்று உச்சியிலிருந்து பிரிந்து, பளிச்சென்று, அவசரமில்லாமல் இறங்கி வந்தது. பேராசிரியர் காலத்தில்கூட அவ்வளவு அகலமான வளையத்தை அவள் பார்த்ததில்லை. பழுப்புக் கறை மருந்துக்கும் இல்லை.

அப்போதும் அவள் புத்தி சேதுபதியை விடவில்லை. நல்ல எண்ணெயை ஒளித்து வைத்துக்கொண்டு சனங்களுக்குக் கழிவை விற்றிருக்கிறான், பாதகன் என்றுதான் நினைத்தாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம்தான் கோணல். ஆனால் குஞ்சுவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று. ஒரு போத்தல் நிரப்பிச் சேலை மடிப்பில் மறைத்துக்கொண்டு, சிப்பாய்க்கு என்றைக்கும் இல்லாத பணிவோடு குனிந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இதில ஒரு கரண்டி பிள்ளைக்குக் குடு" என்று தங்கையிடம் நீட்டிவிட்டுக் கால் கழுவப் போனாள்.

கழுவிக்கொண்டிருக்கும்போது புகை வந்தது. காட்டமான, கண்ணைக் கரிக்கிற புகை. பல வருடங்களுக்குப் பிறகு டீச்சர் தன் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். அடுப்பில் இரும்புச் சட்டி. அதில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கருகிச் சுருண்ட வெற்றிலை ஒன்றும் ஒரு புளி உருண்டையும் அதில் மிதந்தன. அவள் கண்ணெதிரே அந்தச் சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. செம்மை போய் மஞ்சளாயிற்று, மஞ்சளும் வெளிறிற்று. கடைசியில் சட்டியில் இருந்தது குப்பிகளில் அவள் பார்த்த அதே எண்ணெய்.

"என்னடி செய்யிறாய்?"

"எண்ணெய் முறிக்கிறன் அக்கா. பச்சையா எப்பிடிப் பிள்ளைக்குக் குடுக்கிறது? வயித்தைப் பிரட்டுமெல்லோ."

"எப்பவும் இப்பிடித்தான் செய்யிறனியோ?"

"வேறென்ன? நாத்தம் கோப்பையில வரக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இந்தத் தெருவில எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான். நிறம் வெளுக்கும் வரைக்கும் காய்ச்சினால்தான் நாத்தம் போகும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மனோரஞ்சிதம் அகப்பையைக் கையில் பிடித்தபடி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள்.

டீச்சர் அங்கேயே, கரி படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாய் பொய் சொல்லவில்லை. அது தன்னிடம் ஊற்றியதைப் பிரித்துக் காட்டியது. கருகிப்போன எண்ணெயை ஊற்றினால் கருகிய கறைதான் உச்சியில் ஒட்டும். சத்து எரிந்துபோன பிறகு ஆரஞ்சு வளையத்துக்கு எங்கே போவது? திருடியவன் சேதுபதியில்லை. தெருவே சேர்ந்து, நாற்றம் நாற்றம் என்று பிள்ளைகளின் கண்ணைச் சட்டியில் போட்டுக் காய்ச்சியிருக்கிறது. இந்த வீட்டில் அதற்கு உத்தரவு போட்டவள் அவளேதான்.

அன்றைக்கு மிச்சமிருந்த பச்சை எண்ணெயை அவளே ஒரு கரண்டி எடுத்துக் குஞ்சுவின் வாயில் ஊற்றினாள். பிள்ளை குமட்டியது. வாயைப் பொத்தி விழுங்க வைத்தாள்.

இதோடு கதையை முடித்துக்கொள்ள அவளுக்கு வழி இருந்தது. பீப்பாயிலிருந்து இன்னும் நாலு போத்தல் கடத்தினால் குஞ்சுவின் கண் பிழைத்துவிடும். சேதுபதி யார், இவளுக்கு மாமனா மச்சானா? தப்பை ஒத்துக்கொண்டால் கெம்பித்தாய் லாரியில் அடுத்து ஏறுவது இவள்தான். அதற்குப் பிறகு குஞ்சுவை யார் பார்ப்பது? இந்தக் கணக்கையெல்லாம் அவள் போட்டாள், போடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மறுநாள் காலை முத்தாயி நசுங்கிய தூக்குச்சட்டியோடு எதிரே வந்தாள். இந்த முறை ஒன்றும் கேட்காமல், டீச்சருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். டீச்சருக்குத் தன் மேல் வந்த அருவருப்பு அதுவரை வேறு யார் மேலும் வந்ததில்லை. அத்தனை பேரை அருவருத்துப் பழகியவளுக்கு அது புது அனுபவம்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றில் பீப்பாய் எண்ணெய். இன்னொன்றில் அதே எண்ணெயைக் காய்ச்சி வெளுக்க வைத்தது. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு குழாயில் ஆரஞ்சு வளையம் இறங்கியது, மற்றதில் பழுப்புக் கறை மேலே குந்திக்கொண்டிருந்தது.

"கடைக்காரன் குற்றமற்றவன். தப்பு என்னுடையது. நான் பீப்பாயைத் திறந்து பார்க்காமல் சட்டியிலிருந்து எடுத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் குழாய்களைப் பார்க்கவில்லை. தன் முத்திரையைத்தான் நினைத்தார். முத்திரை தப்பாகலாமா? அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் நிமிர்ந்ததும் மறு கன்னத்தில் அறைந்தார். அவள் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து சுண்ணாம்புத் தூளில் விழுந்தது. துடைக்காமல் நின்றாள்.

அறைந்து முடித்த பிறகு அவருக்கு வழி புலப்பட்டது. முதல் அறிக்கை பூர்வாங்கச் சோதனை என்றும், தீவிர ஆராய்ச்சிக்குப் பிறகு எண்ணெயைக் காய்ச்சினால் கண்ணுக்கு உதவும் சத்து அழியும் என்ற உண்மையைத் தானே கண்டுபிடித்ததாகவும் மேலே எழுதினார். மேலே இருந்தவர்கள் பாராட்டினார்கள். பீப்பாய் கடைக்குத் திரும்பிப் போனது. டீச்சரைச் சோதனை மேசையிலிருந்து இறக்கிக் குழாய் கழுவ வைத்தார். அந்த மேதையின் பெருமை அவரோடே போகட்டும், நமக்கு வேண்டாம்.

சேதுபதி வந்தான். வந்தது பாதி சேதுபதி. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். வலது கை விரல்களில் நகங்கள் இல்லை. வந்து கொஞ்ச நாளில், ஒரு போத்தல் சிவப்பு எண்ணெயோடு டீச்சர் வீட்டுப் படியேறினான். அவள் வாசலில் நின்றாள், குஞ்சு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

"நீங்கதான் ஜப்பான்காரன்கிட்ட அடி வாங்கிக்கிட்டு என்னைய விடச் சொன்னீங்களாம், மைமூனம்மா சொன்னாங்க" என்றான். "உங்க காலுக்குச் செருப்பாக் கிடந்தாலும் தீராது தாயி. புள்ளைக்கு எண்ணெய் கொண்டாந்திருக்கேன். வாடை அடிக்கும், அதைப் பாக்காதீங்க. ரெண்டு வெத்தலை, ஒரு கொட்டைப் புளி போட்டு நல்லாப் புகையக் காச்சி முறிச்சுப்புட்டீங்கன்னா, நிறம் வெளுத்து நெய்யாட்டம் ஆயிரும். தெருவுல அம்புட்டுப் பேருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

டீச்சர் போத்தலுக்குக் கை நீட்டவில்லை. எந்தக் குற்றத்துக்காக நகத்தைப் பிடுங்கினார்களோ அதன் மூல காரணத்தை அந்த மனிதன் இன்னும் நன்றிக்கடனாக நீட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரர் கண்டுபிடித்த உண்மையைத் தெருவுக்குச் சொல்ல ஒரு நாயும் மெனக்கெடவில்லை. முறிப்பதில்தான் கேடு என்று மட்டும் சொல்லிவிட்டு அனுப்பியிருந்தால், அவன் தன்னையே நொந்துகொண்டு, இவளைத் தெய்வமென்று கும்பிட்டுக்கொண்டு போயிருப்பான். அவளுக்கு அது தெரிந்தது.

"அண்ணே" என்றாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று அவள் நினைத்ததில்லை. "முறிக்கக் கூடாது அண்ணே. காய்ச்சினால் சத்து செத்துப்போம். பச்சையாத்தான் குடுக்க வேணும். எல்லாருக்கும் சொல்லுங்கோ. அது தெரியாமல் வீடுகளில காய்ச்சின எண்ணெயைச் சோதிச்சு, நீங்கள் கலப்படம் செய்யிறீங்களெண்டு எழுதிக் குடுத்தது நான்தான். உங்களைப் பிடிச்சுக் குடுத்தது நான்."

சேதுபதி போத்தலைப் பிடித்திருந்த நகமில்லாத விரல்களைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அங்கிருந்தே பஃபலோ ரோட்டு முனை தெரியும்.

"எங் கடை அந்தா இருக்கு" என்றார். "ஒரு தரம் வந்து பீப்பாயைத் திறந்து காட்டுன்னு சொல்லியிருந்தா காட்டியிருப்பேனே. ஏன் தாயி வரல?"

டீச்சரின் பார்வை அவர் வேட்டியின் எண்ணெய்க் கறையில் விழுந்தது.

"நாத்தமா?"

அவள் தலை குனிந்தாள். சிப்பாய்க்குக் குனிந்ததைவிட அது கீழே போயிற்று. நிமிர்ந்தபோது சேதுபதி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அது தெருவில் கிடக்கிற ஒன்றை மிதித்துவிடாமல் தாண்டிப் போகிறவன் பார்வை. அவளுக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு அவள் கொடுத்து வந்தது.

அவர் சிரமப்பட்டுக் குனிந்து போத்தலைக் குஞ்சுவின் கையில் வைத்தார். "இது உனக்குத்தான் ஆத்தா. பச்சையாக் குடி" என்றார். டீச்சரிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கினார்.

குஞ்சுவின் கண் தெளிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விளக்கு வைத்த பிறகும் ஓடியாடத் தொடங்கினாள். தெருவில் முறிக்கிற வழக்கம் மெல்ல மெல்ல நின்றது. சேதுபதியே வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிச் சொல்லி நிறுத்தினார். ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், பெரிய மனிதர்கள் கும்பிடுகிற திசையை மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் பழையபடி பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

தேங்காயெண்ணெய் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், அவள் வாரா வாரம் போத்தலை எடுத்துக்கொண்டு பஃபலோ ரோட்டுக்குத் தானே போனாள். நெரிசலில் முண்டியடிக்கிற கூட்டத்தோடு கூட்டமாக, எண்ணெய் பிசுபிசுக்கும் தரையில், தன் முறை வரும்வரை நின்றாள். சேதுபதி அவள் போத்தலை வாங்கிக் குறையாமல் அளந்து ஊற்றினார். கடைக்கு வந்த மற்றப் பெண்கள் எல்லாரையும் தாயி என்று கூப்பிட்டார். அவள் முகத்தை மட்டும் கடைசிவரை அவர் பார்க்கவில்லை.